நிலக்கரிக்குள் ஒளிந்திருக்கும் மரக்கரி! தெரியுமா?

நிலக்கரிக் கட்டி ஒன்றை உடைத்தால், கண்ணாடிபோல் மின்னும் அடுக்குகளுக்கு நடுவே பட்டு நூல்போல மினுங்கும் ஒரு கீற்று தென்படுவதுண்டு. தொட்டால் விரலெல்லாம் கறுப்பு. அழுத்தினால் பொடிந்துவிடும். அது என்ன தெரியுமா? நம் அடுப்புக்கரியேதான்! சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பற்றி எரிந்த காட்டின் கரி!

இந்தக் கீற்றுக்கு ‘ஃபியூசெய்ன்’ என்ற பெயரை 1919இல் நிலைநிறுத்தியவர் யார் தெரியுமா? மேரி ஸ்டோப்ஸ். ஆமாம், 1921இல் லண்டனில் கருத்தடை மருத்துவமனை தொடங்கிய அதே பெண்மணி! அடிப்படையில் அவர் தொல்தாவரவியல் அறிஞர்.

சரி, எரிந்த மரம் சாம்பலாகாமல் எப்படித் தப்பியது? ராமநாதபுரத்துக் கரிமூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விறகை மண்ணால் மூடிக் காற்றைக் குறைத்தால் கரி கிடைக்கிறது அல்லவா? காட்டுத்தீயிலும் காற்று எட்டாத உட்பகுதி அப்படித்தான் கரியாகிறது. கரியைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் தின்ன முடியாது. அதனால் மரத்தின் செல்கள் வரிசை குலையாமல் அப்படியே நிற்கின்றன! இன்னும் கேளுங்கள்: அந்தக் கரியை மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, அது எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்தால் தீயின் வெப்பத்தைக்கூடக் கணித்துவிடலாம். சூடு ஏற ஏறப் பளபளப்பும் ஏறும்.

அன்றைய காற்றைப் பற்றியும் அந்தக் கரி பேசுகிறது! காற்றில் ஆக்சிஜன் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே போனால் காட்டுத்தீ பரவாது. ஆக, கரி இருந்தால் ஆக்சிஜன் அதைவிடக் கூடுதலாக இருந்தது என்று பொருள். இன்றைய அளவு 21. நிலக்கரிக் காடுகள் செழித்த நாட்களில் அது 30ஐ நெருங்கியிருக்கலாம் என்கின்றன பல கணிப்புகள். அப்படிப்பட்ட காற்றில் ஈரமான சதுப்புநிலச் செடிகூடத் தீப்பிடிக்கும்!

நம் நாட்டிலும் சான்று உண்டு. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையில் பெர்மியன் காலத்துக் காட்டுத்தீயின் கரித்துண்டுகள் கிடைத்திருக்கின்றன. டைனோசர்களே தோன்றாத காலம் அது.

எனக்கு மிகவும் பிடித்த வியப்பு ஸ்வீடனில் இருக்கிறது. அங்கே களிமண்ணைச் சலித்தபோது டைனோசர் காலத்துப் பூக்கள் அகப்பட்டன. ஓரிரு மில்லிமீட்டர்தான் அளவு. ஆனால் இதழ், மகரந்தப்பை எல்லாம் கரியாகி முழுசாக நிற்கின்றன. எரியாமல் இருந்திருந்தால் என்றோ மக்கிப்போயிருக்கும்!

இவை எல்லாவற்றையும்விடப் பழைய கரி 2022இல் வெளியான ஆய்வில் வந்தது. வேல்ஸிலும் போலந்திலும் கிடைத்த அதன் வயது 43 கோடி ஆண்டுகள். அந்தத் தீ எரிந்தபோது பூமியில் மரம் என்று ஒன்றுகூட இல்லை!