மஞ்சள் அவிக்கும் பாய்லரும் அதன் தாங்கிகளும்

கொல்லிமலை அடிவாரத்திலும் அதனை அடுத்த நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பகுதிகளிலும் மஞ்சள் பயிரிடும் குடியானவர்கள் முற்காலத்தில் அகன்ற கொப்பரைகளில் நீர் ஊற்றி மஞ்சளை அவித்து வந்தனர். இப்பொழுது டிராக்டரால் இழுக்கத்தக்க ஆவிப் பாய்லர் களத்திற்கே வந்துவிடுகின்றது. விறகும் நேரமும் மிச்சமாகின்றன. ஆனால் அதனை வாங்குவோர் தகட்டின் கனத்தையும் பாதுகாப்பு வால்வையும் பார்க்கிறார்களேயன்றி, உருளை எதன் மேல் அமர்ந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

சில பருவங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்தில் யான் கண்டது இது. ஒரு பாய்லரின் உருளையில் நான்கு இரும்புக் கால்களை நேரே பற்றவைத்திருந்தார்கள். வரப்பைக் கடந்து அடுத்த களத்திற்குச் சென்று ஆவி ஏற்றியதும், ஒரு காலின் ஓரத்தில் தகடு கீறி ஆவி சீறிற்று. சற்று முன்புதான் அவ்விடத்தை விட்டுக் கூலிப்பெண்கள் எழுந்து போயிருந்தனர். தெய்வாதீனமாக எவருக்கும் தீங்கில்லை. வால்வு பழுதின்றியே இருந்தது.

இதன் காரணத்தைக் கணக்கால் அறியலாம். 1 மீட்டர் விட்டமும், 2 மீட்டர் நீளமும், 6 மில்லிமீட்டர் தகடும் உள்ள உருளையில் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ ஆவியழுத்தம் இருப்பின், தகட்டில் உண்டாகும் சுற்றுத்தகைவு 250 கிலோ மாத்திரமே. மெல்லெஃகு சுமார் 2,500 கிலோ வரை தாங்கும். ஆகவே தகடு தாராளமானதே. ஆனால் நீர் நிரம்பிய உருளையின் எடை ஏறக்குறைய 2 டன். அது நான்கு சிறு முனைகளில் இறங்கினால், அம்முனைகளைச் சுற்றித் தகடு வளைந்து, தகைவு பன்மடங்காகிறது. மேடு பள்ளத்தில் ஒரு கால் தொங்கினாலோ, அதன் பாரத்தையும் மற்றவை சுமக்க நேரிடும்.

1951-இல் ஸிக் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர், படுக்கை உருளைகளைச் சேணம் போன்ற இரு தாங்கிகளில் அமர்த்தும் முறையை ஆராய்ந்து கணக்கு வகுத்தார். அதனை ஒட்டிக் கவனிக்க வேண்டியவை:

1. தாங்கிகள் இரண்டே போதும். மூன்றாவது சேர்ப்பின், நிலம் தாழுங்கால் எதன் மேல் எவ்வளவு பாரம் விழும் என்று சொல்ல இயலாது.

2. தாங்கி உருளையைக் குறைந்தது 120 பாகை, அதாவது சுற்றளவில் மூன்றிலொரு பங்கு, தழுவ வேண்டும். தாங்கியின் மேல்விளிம்பில் தகைவு மிகுமாதலால், அங்கே தகட்டிற்கு மற்றொரு தகடு அணைவாக இருத்தல் நலம்.

3. முனைகளிலிருந்து விட்டத்தின் கால் பங்கு தூரத்திற்குள் தாங்கிகள் இருப்பின், முனைத் தகடுகள் உருளையின் வட்டம் குலையாமல் உதவும். மேற்படி உருளைக்கு அது 25 சென்டிமீட்டர்.

4. ஒரு தாங்கியை மட்டும் இறுக்குக. மற்றதன் போல்ட்டுத் துளை நீண்டிருக்கட்டும். சூடேறும்போது உருளை சுமார் 3 மில்லிமீட்டர் நீள்கிறது. அதனை முற்றிலும் தடுத்தால், எஃகு தாங்கும் எல்லையையே தகைவு எட்டிவிடும்.

இந்தியா முழுமைக்கும் கொதிகலங்களுக்கென 1923 முதலே சட்டம் உண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, அடுப்பு மூட்டுமுன் தாங்கியின் ஓரங்களைத் துடைத்து, கீறலோ துருவோ உளதா என நோக்குவது ஒரு நிமிட வேலை. கீறல் தென்பட்டால் அன்று அவிப்பதை நிறுத்துக. மஞ்சள் ஒரு நாள் பொறுக்கும்.