வாடுவதற்குள் ஒரு பூங்கொத்து

பறித்த பூ நாம் வரைந்து முடிக்கும்வரை காத்திருக்காது. மேசையில் வைத்துச் சற்று நேரம் போனால் இதழின் விளிம்பு தளரும், மொட்டு கொஞ்சம் விரியும், கனமான பூ தலை சாய்க்கும். பூங்கொத்து வரைய உட்காரும் குழந்தையிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். எதை இப்போதே வரைவது, எதை நாளைக்கு விடலாம் என்று முடிவெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

நியூசிலாந்தின் பூக்களை நேரில் பார்த்து வரைந்த சிட்னி பார்க்கின்சனுக்கும் இதே நெருக்கடி வந்தது. அவர் ஓவியராகச் சென்ற கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் 1769 அக்டோபரில் நியூசிலாந்துக் கரையை அடைந்தது. தாவரவியலாளர்களான ஜோசப் பேங்க்ஸும் டேனியல் சொலாண்டரும் கரையிறங்கிச் சேகரித்த செடிகளைக் கொண்டுவந்து அவர்முன் குவித்தார்கள். அத்தனைக்கும் முழுதாக வண்ணம் தீட்ட நேரம் ஏது? செடியின் முழு உருவத்தையும் பென்சிலில் கோடாக வரைவார். ஒரு பூவுக்கோ ஓர் இலைக்கோ மட்டும் உள்ள நிறத்தைத் தீட்டுவார். மற்ற நிறங்களை எழுதி வைத்துக்கொள்வார். ஊர் திரும்பும் வழியில், 1771 ஜனவரியில், இருபத்தைந்து வயதைத் தொட்டிருந்த அவர் வயிற்றுக்கடுப்பு கண்டு கப்பலிலேயே இறந்தார். அவர் விட்டுச்சென்ற கோடுகளையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு லண்டனில் வேறு ஓவியர்கள் படங்களை முடித்தார்கள். 700-க்கு மேற்பட்ட செப்புத் தகடுகள் செதுக்கப்பட்டன. அவை வண்ணத்தில் முழுத் தொகுப்பாக அச்சேறியது 1980-களில்தான். அரைகுறையாகத் தெரிந்த ஒரு பென்சில் கோடு இருநூறு ஆண்டுகள் பயன்பட்டது, அது சரியான கோடு என்பதால்.

இன்று ஆக்லாந்தின் பாபகூராவில் இருக்கும் குழந்தைக்குப் பூவுக்குப் பஞ்சமில்லை. டிசம்பரில் பஹுரேஹுரே கழியின் ஓரம் போஹுதுகாவா மரங்கள் சிவக்கும். அதற்கு முன்பே, குளிர் விடும் சமயத்தில், கோஃபாய்ப் பூ மஞ்சளாய்த் தொங்கும். வேலியோரத்தில் அகபாந்தஸ், வாசலில் ஹைட்ரேஞ்சியா. பக்கத்து மனுரேவாவில் 64 ஹெக்டேரில் ஆக்லாந்து தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கே பறிக்கக் கூடாது, உட்கார்ந்து வரையலாம். கொத்துக்கான பூவை வீட்டுத் தோட்டத்திலிருந்து எடுப்போம்.

பென்சிலைத் தொடுமுன் பூவைப் பிரித்துப் பார்க்கவேண்டும். போஹுதுகாவாவில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு இதழ்களால் வருவதில்லை. நீண்டு நிற்கும் மகரந்தத் தாள்கள்தான் அந்தச் சிவப்பு. நம் கொய்யாவும் நாவலும் இதே குடும்பம். கொய்யாப் பூவின் வெள்ளைக் குஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆகவே இதை இதழ் இதழாக வரைந்தால் வராது. நடுவிலிருந்து வெளியே சீவும் மெல்லிய கோடுகளாக வரையவேண்டும், நுனியில் ஒரு புள்ளியோடு. கோஃபாய் அவரைக் குடும்பம், அகத்திப்பூவின் உறவு. ஐந்து இதழ்கள், ஆனால் ஐந்தும் ஒரே மாதிரி இல்லை. ஹைட்ரேஞ்சியாவில் நாம் இதழ் என்று நினைப்பது பெரும்பாலும் புல்லி இதழ். ஒவ்வொன்றிலும் பொதுவாக நான்கு. அந்தப் பெரிய உருண்டையில் எல்லாவற்றையும் எண்ணி வரையத் தேவையில்லை. முதலில் ஒரு பந்து, அதன் ஒரு பக்கம் நிழல், வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் ஏழெட்டுப் பூக்கள் தெளிவாக. அது போதும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தடை உண்டு. கோலத்தில் பூவை மேலிருந்து பார்த்தபடி போடுகிறோம். எல்லா இதழும் ஒரே அளவு, எல்லாப் பக்கமும் ஒன்றுபோல. கொத்தில் அப்படி நம்மை நேராகப் பார்க்கும் பூ ஒன்றோ இரண்டோதான். மற்றவை பக்கவாட்டில் திரும்பியிருக்கும். வட்டமான பூ திரும்பும்போது நீள்வட்டமாகிறது. எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு ஒடுங்குகிறது. நமக்கு அருகில் இருக்கும் இதழ் குட்டையாகத் தெரியும், ஓரத்து இதழ்கள் முழு நீளத்தில் நிற்கும். ஒரு தட்டைக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்துக் காட்டுங்கள், குழந்தை தானே கண்டுகொள்ளும். பூங்கொத்துப் பாடத்தில் மிகப் பெரிய படி இதுதான் என்பேன். இதைக் கடந்த பிள்ளைக்கு மற்றதெல்லாம் பழக்கம்.

இனி வரையலாம். தாளில் கொத்து முழுவதையும் அடக்கும் ஒரு முட்டை வடிவத்தைத் தொட்டும் தொடாமலும் போடுங்கள். அதற்குக் கீழே, காம்புகளைக் கட்டியிருக்கும் இடத்தில், ஒரு புள்ளி. எந்தப் பூவாக இருந்தாலும் அதன் காம்பு இந்தப் புள்ளியை நோக்கித்தான் வரவேண்டும், நடுவில் இலைக்குப் பின்னால் மறைந்தாலும்கூட. இதைக் கவனிக்காத படங்களில் பூக்கள் அந்தரத்தில் மிதக்கும். அடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் பூவை முழுதாக வரையுங்கள். அதன் பின்னால் இருப்பதில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும். மறைந்த பகுதியையும் வரைந்துவிடக் கை பரபரக்கும், விடக் கூடாது. முன்பூவின் கோடு அழுத்தமாகவும் பின்பூவின் கோடு மெலிதாகவும் இருந்தால் கொத்துக்கு ஆழம் வந்துவிடும்.

பென்சிலில் எச்.பி. ஒன்றும் 4பி ஒன்றும் போதும். உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் கோடு கடினமாகவும் வெளிறியும் விழும், கிராஃபைட் கூடினால் கறுப்பாக. உருவத்துக்கு எச்.பி., நிழலுக்கு 4பி.

வண்ணத்துக்குப் பார்க்கின்சன் வழியே நல்ல வழி. ஒவ்வொரு வகைப் பூவிலும் ஓர் இதழுக்கு உடனே நிறம் கொடுத்துவிட்டால், மற்றதை வாடிய பிறகும் முடிக்கலாம்.

கோஃபாயும் போஹுதுகாவாவும் ஒரே கொத்தில் வேண்டும் என்று குழந்தை கேட்டால்? பொதுவாக ஒன்று முடியும்போதுதான் மற்றது தொடங்கும். பதினெட்டாம் நூற்றாண்டு ஹாலந்து ஓவியர் யான் வான் ஹைசம் ஒரே ஜாடியில் வெவ்வேறு பருவத்துப் பூக்களை வைத்தவர். ஒரு பூவைப் பார்த்து வரைய அடுத்த பருவம் வரும்வரை படத்தை நிறுத்தியும் வைப்பார். பிள்ளைகளும் அப்படிச் செய்யலாம். செப்டம்பரில் கோஃபாயை வரைந்து, கொத்தின் முன்பக்கத்தில் ஒரு வட்டத்தை வெறுமனே விட்டு, தாளின் பின்னால் தேதி எழுதி எடுத்து வையுங்கள். போஹுதுகாவா பள்ளி விடுமுறையோடு வந்துவிடும்.