கடல் கடந்தும் சடுகுடு

வெளிநாட்டில் உயர்கல்வி பயிலச் செல்லும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் செலவுப் பட்டியல் தயாரிக்கும்போது, கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, விமானப் பயணம் ஆகியன தவறாமல் இடம்பெறுகின்றன. விளையாட்டுக்கென ஒரு சிறு தொகை எழுதப்பட்டிருந்தால், சிக்கனம் கருதி அதுவே முதலில் அடிக்கப்படுகிறது. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. எனினும், கல்விக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வங்கி அலுவலர்களாகிய நாங்கள் அத்தொகையை அடிக்க வேண்டாம் என்றே கூறுவோம்.

கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்துக்குரிய வட்டி சேர்ந்துகொண்டே வரும். தனிமையால் மனம் சோர்ந்து ஒரு பருவத் தேர்வைத் தவறவிடும் மாணவருக்கு, காலம், கட்டணம், வட்டி ஆகிய மூன்றும் கூடுகின்றன. ஆகவே பிள்ளையின் மனத்தெம்பு குடும்பத்தின் நிதிநிலையோடும் தொடர்புடையது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் பொங்கலையொட்டிக் கபடிப் போட்டிகள் களைகட்டும் சனவரி மாதத்தில், அங்கே கடுங்குளிர் நிலவும். மாலை நான்கரை மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும். புதிதாகச் சென்ற மாணவர் அறைக்குள்ளேயே முடங்கிவிடக்கூடிய காலம் அது. அத்தகைய குளிர்நாட்டிலும் நம் மாணவர்கள் கபடியைக் கைவிடவில்லை. அங்குள்ள தேசிய இந்து மாணவர் மன்றம் பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆண்டுதோறும் கபடிப் போட்டிகளை நடத்துகிறது. மண்டலச் சுற்றுகளில் வெல்லும் அணிகள் தேசிய இறுதிச் சுற்றில் மோதுகின்றன.

கபடி, செலவு குறைந்த விளையாட்டு. மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், காலுறையும் கவசமும் வேண்டாம். அணிக்கு எழுவரும், ஆடவர்க்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளமும் போதும். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட வேண்டியிருப்பதால், விரிப்புக்கும் அரங்க வாடகைக்கும் ஆகும் தொகையை அனைவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

தமிழர் சடுகுடு என்று அழைக்கும் இவ்விளையாட்டை வங்காளத்தவர் ஹாடுடு என்றும், மராட்டியர் ஹுதுது என்றும் வழங்கினர். ஊரில் ஒருவரையொருவர் சந்தித்திராத பல மாநில மாணவர்கள், அயல்மண்ணில் ஒரே அணியில் கைகோத்து நிற்கின்றனர். பாடிச் செல்பவர் 30 வினாடிக்குள் தம் பக்கம் திரும்ப வேண்டும். தவறினால் அவர் ஆட்டமிழப்பார். ஆட்டமிழந்து வெளியே அமர்ந்தவர் மீண்டும் களம் புகுவது, தம் அணியினர் எதிரணியில் ஒருவரை வெளியேற்றும்போதுதான். தனித்து வாழப் பழகிக்கொண்டிருக்கும் மாணவருக்கு இந்த ஒரு விதியே பெரிய ஆறுதல்.

அந்நாட்டினருக்கும் கபடி புதிதன்று. 1990-களின் தொடக்கத்திலேயே சேனல் 4 தொலைக்காட்சி கபடிப் போட்டிகளை ஒளிபரப்பியது. 2025 மார்ச்சில் கபடி உலகக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் நடைபெற்றது. ஆடவர், மகளிர் ஆகிய இரு பிரிவுகளிலும் இந்தியாவே வாகை சூடியது. எனவே, நம் மாணவர் உடன்பயிலும் வெள்ளைக்காரத் தோழரையும் தயக்கமின்றிக் களத்துக்கு அழைக்கலாம். அவர் மூச்சடக்கிப் பாடக் கற்பதற்குள் நட்பு வளர்ந்துவிடும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. பிரிட்டனில் மாணவர் விசா பெற்றவர் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ பணியாற்றக் கூடாது. ஊதியம் தருவதாகக் கூறி எந்தக் கழகமேனும் ஆட அழைத்தால், பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளலாகாது. சிறு தொகைக்கு ஆசைப்பட்டு விசாவையே இழக்க நேரிட்டால், படிப்பு நின்றுபோகும். கடன் மட்டும் எஞ்சும். பட்டப்படிப்பு மாணவர்க்குப் பொதுவாகப் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்ய அனுமதி என்பதையும் மறவாதிருத்தல் நலம்.

கபடியில் அடிபடுவதும் உண்டு. விசா விண்ணப்பத்தின்போது மாணவர் செலுத்தும் ஆண்டுக்கு 776 பவுண்டு நலக் கட்டணம், அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையைப் பெற உதவுகிறது. எனினும் இங்கிலாந்தில் பல் சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் உண்டு. வேறு நாடுகளுக்குச் செல்வோர், தம் காப்பீட்டில் விளையாட்டுக் காயங்களுக்கு இடமுண்டா என்று புறப்படுமுன் படித்துப் பார்த்துக்கொள்வது நன்று.

தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்று கேட்பது பெற்றோர் வழக்கம். "இந்த வாரம் விளையாடினாயா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளை எப்படி இருக்கிறது என்பதை, முதல் இரண்டு கேள்விகளுக்கான விடைகளைவிட மூன்றாவதற்கான விடை தெளிவாக உணர்த்தக்கூடும்.