வரைகலை அட்டை மின்னழுத்தக் குறைப்பு

கணினியின் வரைகலை அட்டையிலுள்ள சில்லுக்கு, உற்பத்தியாளர் நிர்ணயித்ததை விடக் குறைந்த மின்னழுத்தத்தை வழங்கி, அதன் வேகத்தை ஏறத்தாழ முன்போலவே பேணுவது மின்னழுத்தக் குறைப்பு அல்லது அண்டர்வோல்ட்டிங் எனப்படும். இதனால் அட்டை நுகரும் மின்திறனும் வெப்பநிலையும் குறைகின்றன. மின்விசிறிகள் மெதுவாகச் சுழல்வதால் இரைச்சலும் தணிகிறது.

அடிப்படை

ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டப்படும் சில்லுகள் கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு சில்லு 0.90 வோல்ட்டில் எட்டும் அதிர்வெண்ணை எட்ட மற்றொன்றுக்கு 1.00 வோல்ட் தேவைப்படலாம். எனவே உற்பத்தியாளர்கள், பலவீனமான சில்லும் கோடை வெப்பத்திலும் பல ஆண்டு பயன்பாட்டுக்குப் பின்னரும் பிழையின்றி இயங்கும்படி, போதிய இடைவெளி விட்டே மின்னழுத்தத்தை அமைக்கின்றனர். பயனர் குறைப்பது இந்த இடைவெளியையே.

சில்லிலுள்ள திரிதடையங்கள் நிலைமாறும்போது செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் அமையும். எடுத்துக்காட்டாக, அதிர்வெண்ணை மாற்றாமல் மின்னழுத்தத்தை 1.05 வோல்ட்டிலிருந்து 0.90 வோல்ட்டாகக் குறைத்தால், அதாவது 14 விழுக்காடு குறைத்தால், இத்திறன் ஏறத்தாழ 27 விழுக்காடு குறையும். அதிர்வெண்ணை மட்டும் அதே 14 விழுக்காடு குறைத்தால் கிடைப்பது 14 விழுக்காடு சேமிப்பே. நிலைமாறாத போதும் வடியும் கசிவு மின்னோட்டமும், மின்னழுத்தமும் வெப்பநிலையும் குறையும்போது குறைகிறது. நினைவகச் சில்லுகளும் மின்விசிறிகளும் இக்கணக்கில் அடங்கா. ஆகவே முழு அட்டையின் சேமிப்பு விழுக்காடு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

2016 இல் வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 அட்டையின் மின்திறன் வரம்பு 180 வாட்டு. 2020 இன் ஆர்டிஎக்ஸ் 3080 க்கு அது 320 வாட்டாகவும், 2025 இன் ஆர்டிஎக்ஸ் 5090 க்கு 575 வாட்டாகவும் உயர்ந்தது. இவ்வாற்றல் அனைத்தும் இறுதியில் அறைக்குள் வெப்பமாகவே வெளியேறுகிறது என்பதை நோக்கின், இம்முறை பரவியதில் வியப்பில்லை.

செய்முறை

என்விடியா அட்டைகளில் ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள்கள் மின்னழுத்தத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் இடையிலான வளைகோட்டைக் காட்டுகின்றன. பயனர் 0.90 வோல்ட் போன்ற ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதனை வேண்டிய அதிர்வெண்ணுக்கு உயர்த்தி, அதற்கு வலப்புறமுள்ள கோட்டைக் கிடையாக்குகிறார். ஏஎம்டி அட்டைகளில் இவ்வசதி அந்நிறுவனத்தின் இயக்கி மென்பொருளிலேயே உண்டு. சிறுசிறு படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சோதிப்பதே முறை.

மின்திறன் வரம்பை மட்டும் குறைப்பது இதனின்றும் வேறானது. அதில் அட்டை தானாகவே மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ளும். வேகம் ஓரளவு குறையும், ஆனால் பிழைகள் நேரா.

நிலைப்புத்தன்மை

மின்னழுத்தம் குறையுந்தோறும் திரிதடையங்கள் மெதுவாக நிலைமாறுகின்றன. அடுத்த கடிகாரத் துடிப்புக்கு முன் குறிகை சென்று சேராவிடில் தவறான விடை பதிவாகும். திரை இருண்டு கணினி முடங்கினால் பயனர் உடனே அறிந்துகொள்வார். அறியப்படாமல் நிகழும் பிழையே அபாயமானது. விளையாட்டில் அது ஒரு கண நேரப் புள்ளியாகத் தோன்றி மறையலாம். அறிவியல் கணிப்பில் தவறான எண்ணாக முடிவில் கலந்துவிடும். பிழைதிருத்தும் நினைவகம் நினைவகத்திலுள்ள தரவைக் காக்குமேயன்றி, கணிப்புச் சுற்றுகளில் தோன்றிய தவற்றைத் திருத்தாது. விடையைச் சரிபார்க்க வழியில்லாத பணிகளுக்கு இம்முறை ஏற்றதன்று.

ஒரு விளையாட்டில் பல மணிநேரம் நிலைத்த அமைப்பு, கதிர்த்தடமிடலைப் பயன்படுத்தும் மற்றொன்றில் சில நிமிடங்களில் முறியக்கூடும். மிகை மின்னழுத்தத்தைப் போலன்றி, இதனால் சில்லுக்கு நிலையான சேதம் ஏற்படுவதில்லை. மென்பொருள் வழி செய்த மாற்றம் பொதுவாக மறுதொடக்கத்தில் நீங்கிவிடும். ஆதலால் சோதனை முடியும் வரை, தொடக்கத்திலேயே அமைப்பைத் தானாக ஏற்றும் தெரிவை முடக்கி வைத்தல் நன்று.