பழைய ஜிப்ஸிக்கு வேறு டிரான்ஸ்ஃபர் கேஸ்: மாற்றும் முன் என்ன பார்க்கணும்?

மாருதி ஜிப்ஸி 2019-ல் ஷோரூம்களை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கி, பெரிய டயர் மாட்டி மலை ஏறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டயர் பெருசானால் ஏற்றத்தில் இழுவை குறையும். அப்போது வரும் யோசனைதான், "டிரான்ஸ்ஃபர் கேஸை மாத்திடலாமா?"

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றால் என்ன?

கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி. இதில் 'ஹை', 'லோ' என இரண்டு நிலைகள். 'லோ'வில் சக்கரம் மெதுவாகச் சுற்றும், இழுவை கூடும். ஜிப்ஸியில் இந்தப் பெட்டி கியர்பாக்ஸோடு ஒட்டாமல், ஒரு சின்ன ஷாஃப்டால் இணைந்து தனியாகத் தொங்குகிறது. அதனால் கழற்றி மாட்டுவது ஒப்பீட்டளவில் சுலபம்.

மாற்றினால் என்ன லாபம்?

ஜிப்ஸி சுசூகியின் எஸ்ஜே குடும்பத்து வண்டி. இதில் 1.3 லிட்டர் எஸ்ஜே413-ன் விகிதம் ஹையில் 1.409, லோவில் 2.268. பழைய 1 லிட்டர் எஸ்ஜே410-ல் அது 1.580, 2.511. பழைய பெட்டியை 1.3 லிட்டர் வண்டியில் போட்டால் லோவில் சுமார் 11% கூடுதல் இழுவை.

விலையும் உண்டு. ஹையில் அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 12% அதிகமாகச் சுற்றணும். தினமும் ஹைவேயில் ஓட்டுபவருக்கு அது சத்தமும் பெட்ரோல் செலவும்தான்.

எந்தப் பெட்டியும் பொருந்துமா?

பொருந்தாது. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்களில் பின் ஷாஃப்ட் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகப் போகும். நடுவில் வெளிவரும் பெட்டியைப் போட்டால் ஆக்ஸிலையும் மாற்ற வேண்டிவரும். மவுன்ட், ஷாஃப்ட் நீளம், கோணம் எல்லாம் அளந்து பார்க்கணும்.

டூ-வீல் டிரைவ் வண்டியை ஃபோர்-வீல் டிரைவ் ஆக்குவது இன்னும் பெரிய வேலை. முன் டிஃபரன்ஷியல், முன் ஷாஃப்ட் எல்லாமே வேண்டும். முன், பின் டிஃபரன்ஷியல் விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால், ஃபோர்-வீலில் போட்டதும் பாகங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உடையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி மாற்றினால், பிரிவு 182ஏ-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதே மாடலின் தேய்ந்த பெட்டிக்குப் பதில் அதேபோல இன்னொன்று போடுவது ரிப்பேர். விகிதத்தையோ டிரைவையோ மாற்றுவது வேறு கதை.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் பழைய டயர் அளவுக்கே திரும்பிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம். மாற்றியே ஆகணும் என்றால் ஆர்.டி.ஓ.விடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், க்ளெய்ம் தகராறில் முடியலாம். பதில் கைக்கு வந்த பிறகு பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.