காய்ந்த பூவுக்கும் சான்றிதழா?

இணையத்தில் காய்ந்த பூங்கொத்து விற்கும் எனக்கு மெல்பர்னிலிருந்து முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பாட்டி தொட்டியில் வளர்த்த வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் காயவைத்துக் கட்டி, அஞ்சலில் அனுப்பிவிட்டேன். காய்ந்த பூதானே, யார் தடுக்கப் போகிறார்கள்?

எல்லையிலேயே தடுத்து, அழித்துவிட்டார்கள். வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

என்ன தவறு என்று புரியாமல், வீட்டில் மிச்சமிருந்த கோழிக்கொண்டையை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தேன். கறுப்பாக மினுங்கும் பொடி விதைகள் கொட்டின. பாட்டி சிரித்தார். அடுத்த விதைப்புக்கு அவர் எடுத்து வைப்பதே அதைத்தானே! பூ காய்ந்தாலும் விதைக்கு உயிர் இருக்கிறது. போதாததற்கு, காய்ந்த பூவையே தின்று வாழும் சிகரெட் வண்டு போன்ற பூச்சிகளும் உண்டு. வளர்ந்த வண்டே 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். அதன் முட்டை எங்கே கண்ணில் படப்போகிறது?

இதற்காகத்தான் தாவரச் சுகாதாரச் சான்றிதழ். 1951ல் உருவான அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின்கீழ், ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்துக்குத் தரும் உறுதி அது. என்ன வேண்டும் என்பதை இறக்குமதி செய்யும் நாடு முடிவு செய்யும். பரிசோதித்துச் சான்றிதழ் தருவது ஏற்றுமதி செய்யும் நாடு. சிங்கப்பூரில் அந்தப் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்துடையது. பொட்டலம் புறப்படுமுன் பரிசோதனை நடக்கவேண்டும். நான் செய்ததுபோல் அனுப்பிவிட்டு அப்புறம் விசாரிப்பதில் பயனில்லை.

ஆஸ்திரேலியா தன் விதிகளை ‘பைகான்’ என்ற இணையத் தளத்தில் வைத்திருக்கிறது. யாரும் பார்க்கலாம். ஆனால் ‘வாடாமல்லி’ என்று தேடினால் கிடைக்காது. ‘கோம்ப்ரீனா குளோபோசா’ என்ற தாவரவியல் பெயர் வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பெயர்களை வேண்டாவெறுப்பாகப் படித்தவள் நான்!

வெளியில் வாங்கும் பூ என்றால் சிக்கல் கூடுதல். வேறு நாட்டில் விளைந்ததை இங்கிருந்து மறு ஏற்றுமதி செய்யும்போது, அந்த நாடு தந்த மூலச் சான்றிதழையோ அதன் சான்றளிக்கப்பட்ட நகலையோ கேட்பார்கள். நான் வாங்கும் லாவெண்டர் எங்கே விளைந்தது என்று மொத்த வியாபாரியிடம் கேட்டேன். அவருக்கே தெரியவில்லை.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன்: பூவின் தாவரவியல் பெயர், விளைந்த இடம், காயவைத்த தேதி. போன வாரம் ஆக்லாந்திலிருந்து ஒருவர் விலை கேட்டிருக்கிறார். நியூசிலாந்தின் விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இன்னும் விலை சொல்லவில்லை.