288-வது வரிசை, 3-வது செடி

நம் ஊர் வயல்களில் ஒரு காலத்தில் ‘ஐ.ஆர். எட்டு’ என்றே பேச்சு. அதன் முழுப் பெயர் ஐ.ஆர். 8-288-3. பின்னால் வரும் எண்கள் அந்தச் செடியின் முகவரி.

பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962-இல் பீட்டர் ஜென்னிங்ஸ் பல ஒட்டுகள் செய்தார். எட்டாவது ஒட்டில் இந்தோனேசியாவின் நெட்டை ரகம் ‘பேட்டா’வும் தைவானின் குட்டை ரகம் ‘டீ-ஜியோ-வூ-ஜென்’னும் சேர்ந்தன. முதல் தலைமுறை முழுக்க நெட்டை. இரண்டாம் தலைமுறையில் கால்வாசி குட்டை. குட்டையை மட்டும் வைத்துக்கொண்டு விதைத்து, வடிகட்டி, மறுபடி விதைத்தார்கள். பின்னொரு தலைமுறையின் 288-வது வரிசையில் 3-வது செடி தேறியது. 1966-இல் அது ரகமாக வெளியானது.

நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். ஒட்டுக்குப் பிறகு குணங்கள் பிரிந்துகொண்டே போய், ஆறேழு தலைமுறை கழிந்துதான் ஓரளவு நிலைக்கும். அதுவரை தேறிய செடியின் விதையை எடுத்து அடுத்த தலைமுறைக்கு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குத்தான் ‘அட்வான்ஸ்’ என்று பெயர். சம்பள அட்வான்ஸ் இல்லை.

அன்று இந்தக் கணக்கெல்லாம் நோட்டுப் புத்தகத்தில். இன்று ‘பிரீடிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ போன்ற மென்பொருள்கள் பார்த்துக்கொள்கின்றன. வரப்பில் நிற்பவர் 41-வது பாத்தியில் நல்லதாக மூன்று செடிகளைக் கண்டால், அந்தப் பாத்திக்கு நேரே 3 என்று பதிகிறார். அட்வான்ஸ் கொடுத்ததும் பழைய பெயரின் வாலில் -1, -2, -3 ஒட்டிக்கொண்டு மூன்று புதிய வாரிசுகள் பட்டியலில் வந்து நிற்கும். செடி செடியாகப் பிரிக்காமல் மொத்தமாக அறுத்துக் கலந்தால் வாலில் எண் வராது; ‘பி’ என்ற எழுத்து வரும். மொத்த அறுவடைக்கு அது அடையாளம்.

பெயர் என்னவோ நீளும், குழம்பும். அதனால் ஒவ்வொரு வாரிசுக்கும் ‘ஜிஐடி’ என்று தனி எண் உண்டு. எந்த ஒட்டிலிருந்து வந்தது, நேர்த் தாய் எது என்ற இரண்டும் அந்த எண்ணோடு பதிவாகிவிடும். பத்து வருஷம் கழித்தும் பேரனிலிருந்து பாட்டன் வரை பின்னோக்கி நடக்கலாம். எனக்கு இந்த மென்பொருளில் பிடித்ததே இதுதான்.

ஆனால் அதற்கு நெல்லைத் தெரியாது. 3-க்குப் பதில் கைதவறி 13 என்று அடித்தால் மறுபேச்சில்லாமல் 13 பெயர் எழுதும். வயலில் இல்லாத பத்துச் செடிகளுக்கு லேபிளும் தயாராகும். கதிரைத் தடவிப் பார்த்து இது தேறும் என்று சொல்வது இன்னமும் மனிதர் வேலை. பொட்டலம் கட்டுமுன் பட்டியலையும் பாத்தியையும் ஒருமுறை ஒத்துப் பார்ப்பதும் அப்படியே.

ஐ.ஆர். ரகங்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால் நமக்கும் அதில் ஓரிடம் உண்டு: அதே நிறுவனத்தின் இன்னொரு ரகமான ஐ.ஆர். 20-இன் பெற்றோரில் ஒன்று, திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் உருவான டிகேஎம் 6.